இரண்டு போல்ட்

வீடு,
திங்கட்கிழமை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நேற்று நீ போன் செய்தபோது, மாப்பிள்ளைக்குக் கையில் சின்னக் காயம், மருந்து சாப்பிட்டுத் தூங்குகிறார் என்று சொன்னேன். அது பொய். அவர் வீட்டிலேயே இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. உங்கள் விடுதியில் உனக்குப் பின்னால் போனுக்கு வரிசையில் நிற்பவர்களின் சத்தம் எனக்கே கேட்டது. வாரத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற பத்து நிமிஷத்தில் இதைச் சொல்லி, உன்னை அங்கே ஆள் தெரியாத இடத்தில் அழ விட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி. கூட யாராவது இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும். பட்டறையில் மேசை ரம்பத்தில் மாப்பிள்ளையின் இடது கை பட்டுவிட்டது. நடுவில் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. விரல்களை ஐஸில் போட்டு எடுத்துக்கொண்டுதான் ஓடினோம். ஆனால் ரம்பம் அறுப்பது கத்தி வெட்டுவது மாதிரி இல்லை, நடுவில் இருக்கிற சதையையும் எலும்பையும் தூளாக்கிவிடும், ஒட்டவைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ நர்ஸ், உனக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. உயிருக்கு எந்தப் பயமும் இல்லை. புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு அலமாரி செய்கிற வேலை வந்திருக்கிறது. மாப்பிள்ளை அதற்கான நீளப் பலகைகளை அறுத்துக்கொண்டிருந்தார். நான் நாலடி தள்ளி என் மேசையில் நின்றேன். ஒரு பலகை பாதி தூரம் போயிருக்கும், மெஷினின் சத்தம் மாறியது. முனகுகிற மாதிரி ஒரு சத்தம். நான் தலையைத் தூக்குவதற்குள் பலகை பிளேடின் மேல் தொங்குகிற மூடியையும் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து அவர் வயிற்றில் மோதிவிட்டது. அதை அணைத்துப் பிடித்திருந்த இடது கை இழுபட்டு பிளேடின் மேல் போய்விட்டது. பட்டறைப் பாலிஷ்காரர்தான் ஓடி வந்து சுவிட்சை அடித்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவசரத்தில் கை கால் ஓடாமல் நிற்பவர்களை நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன் தெரியுமா. எனக்கும் ஓடவில்லை.

மாப்பிள்ளைக்கா இப்படி என்றுதான் பட்டறையில் எல்லோரும் கேட்கிறார்கள். அவருக்கு 'மூடி' என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். பிளேடின் மேல் மூடி இல்லாமல் அவர் ஒரு குச்சியைக்கூட அறுக்க மாட்டார். ரம்பத்துக்குத் தொப்பி மாட்டிவிட்டீர்களா, ஸ்வெட்டர் போட்டுவிட்டீர்களா, ஜலதோஷம் பிடித்துவிடப் போகிறது என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார். நாற்பது வருஷம் மூடியே இல்லாத மெஷினில் வேலை பார்த்து, பத்து விரலோடு இருக்கிறேன் என்று எனக்கு ஒரு திமிர். அது உனக்குத் தெரிந்ததுதான்.

சாவிப் பழக்கம் எங்கள் பட்டறைக்கு அவரால் வந்தது. நீ பட்டறைக்குள் வந்து வருஷக்கணக்காகிறது, அதனால் சொல்கிறேன். பலகையில் காடி எடுக்கும்போது, அதாவது முழுக்க அறுக்காமல் நீளமாகப் பள்ளம் மட்டும் போடும்போது, மேலே தொங்குகிற மூடியைத் தூக்கிவிட வேண்டும். பிளேடுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகடு நிற்கும், அதையும் கழற்ற வேண்டும். அறுபட்ட பலகை மறுபடி ஒன்றுசேர்ந்து பிளேடைக் கவ்விக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகடுதான். கழற்றியவர் மெஷினின் சிவப்புச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அதுவரை வேறு யாரும் மெஷினை ஓட்டக்கூடாது. மூடி, தகடு இரண்டையும் திரும்ப மாட்டிய பிறகுதான் சாவியை அடுத்தவர் கையில் கொடுக்கலாம். சாவி கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மூடியை இறக்கிவிட்டால் தகடு உள்ளே இருக்கிறதா என்று குனிந்து தேடினால்தான் தெரியும், ஒவ்வொரு தடவையும் யார் குனிவார்கள் என்றுதான் அவர் இந்த ஏற்பாட்டைச் செய்தார்.

விபத்துக்கு மறுநாள், புதன்கிழமை காலை, அரசாங்க ஆய்வாளர் வந்தார். மெல்லிய ஆள், கண்ணாடி போட்டவர், மெஷினைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். மூடியும் தகடும் அதனதன் இடத்தில் இருக்கின்றன, மெஷினில் குறை இல்லை, பலகையைக் கோணலாகத் தள்ளியதால் வந்த விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். பலகையில் ஈரம் இருந்தது, சரியாகக் காயாத மரம், அதையும் எழுதுங்கள் என்று நான் சொன்னேன். எழுதினாரா தெரியவில்லை.

குழந்தை நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது நான்தான். எதிர்வீட்டுத் தையல்காரம்மா தலை பின்னிவிடுகிறார். நான் பின்னினால் கயிறு முறுக்குகிற மாதிரி இழுக்கிறேனாம், வேண்டவே வேண்டாம் என்று உன் மகள் சொல்லிவிட்டாள். அப்பா கை எப்போது முளைக்கும் என்று ஒரு தடவை கேட்டாள். நான் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன்.

நீ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கிளம்பி வந்துவிடாதே. இன்னும் எட்டு மாதம்தான். வந்து நீ செய்யக்கூடியது இப்போது ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்குத் தனியாகக் கடிதம் போடு. என்னிடம் கேட்க வேண்டியதையும் என்னிடமே கேள், அவரைத் துளைக்காதே.

மனதைத் திடமாக வைத்துக்கொள் அம்மா. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அப்பா.

 

வீடு,
வியாழக்கிழமை.

அன்பு மகளுக்கு,

நீ மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு கையால் கவரைக் கிழிக்க வரவில்லை, நான்தான் கிழித்துக் கொடுத்தேன். அதனால் அவர் படிக்கும்போது பக்கத்திலேயே இருக்கும்படி ஆகிவிட்டது. படித்து முடித்து என்னிடமும் நீட்டினார். புருஷன் பெண்டாட்டி கடிதம், எனக்கெதற்கு என்று சொன்னேன். பரவாயில்லை மாமா, படிங்க என்றார்.

நான்கு பக்கமும் நல்ல பக்கங்கள்தான். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. ஆனால் நடுவில் ஒரு இடத்தில், கவனம் கவனம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷன் ஒரே ஒரு நிமிஷம் கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பேனாவை எடுத்தால் இப்படியா வாய்க்கு வந்ததை எழுதுவது என்று உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். அவர் தடுத்தார். அவ சரியாத்தானே மாமா கேட்டிருக்கா என்று சொல்லிக் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் உன்னைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை.

கட்டு அவிழ்த்தாகிவிட்டது. புண் நன்றாக ஆறுகிறது, டாக்டருக்குத் திருப்தி. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். இல்லாத விரல் அரிக்கிறது என்கிறார், அது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. மனுஷனைப் பற்றித்தான் கவலை.

சாப்பாட்டு மேசையில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பலகை நேராகப் போவதற்கு ரம்பத்தில் ஒரு வழிகாட்டிக் கட்டை இருக்கும், மேசை விளிம்புதான் அவருக்கு அந்தக் கட்டை. அட்டையை அதில் ஒட்டினாற்போல வைத்து, வலது கையால் மெதுவாகத் தள்ளுகிறார். பிறகு எடுத்து மறுபடி முதலிலிருந்து தள்ளுகிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். எந்த இடத்துல கோணினேன்னு பாக்கறேன் மாமா, ஞாபகமே வர மாட்டேங்குது என்றார். நேற்று குழந்தை வந்து, அப்பா நானும் விளையாடட்டுமா என்று கேட்டாள். சட்டென்று அட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெறும் அட்டை அம்மா அது, தீப்பெட்டி கனம்கூட இல்லை.

குழந்தையை அவர் தூக்குவதில்லை. கை வலிக்கிறதோ என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும் இல்லையா, திங்கட்கிழமை அவரும் கூட வந்தார். சாலை ஓரம் வந்ததும் குழந்தை அவருடைய வலது கையைப் பிடிக்கப் போனாள். அவர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தாத்தா கையைப் பிடிச்சுக்கோ என்றார். வண்டி வருகிறதா என்று நான் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். நான் காலை எடுத்து வைத்த பிறகுதான் அவர் வைத்தார். வீட்டுக்கு வந்து, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று அதட்டினேன். என் கண்ணையே எனக்கு நம்பிக்கை இல்ல மாமா, எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுத்தானே தள்ளினேன் என்றார். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறார். கதவைப் பூட்டிவிட்டு என்னை ஒரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. வயசாகிவிட்டது, அதனால்தான் என்று தையல்காரம்மா சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதலாளி ஒரு காரியம் செய்யப் போகிறார். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை பட்டறையில் பாதுகாப்புக் கூட்டமாம். பக்கத்துப் பட்டறை ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறார். மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தன் கவனக்குறைவால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமாம். பட்டவர் வாயால் சொன்னால்தான் ஆட்களுக்கு உறைக்கும் என்கிறார். மாப்பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இது வேண்டாம் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கே சம்மதம், இதுல உங்களுக்கென்ன பெரியவரே என்று கேட்டார். எனக்கென்ன என்று சொல்ல முடியாமல் வந்துவிட்டேன்.

நீ அவருக்கு இன்னொரு கடிதம் போடு. கவனம் என்கிற வார்த்தையே அதில் வரக்கூடாது. குழந்தை என்ன உயரம் வளர்ந்தாள் என்று கேள், அங்கே என்ன குளிர் என்று சொல், இப்படி எதையாவது எழுது. ஒரு கையால் கிழிக்க வசதியாகக் கவரைப் பாதி மட்டும் ஒட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா.

 

திங்கட்கிழமை.

மகளுக்கு,

நேற்று போனில் மாப்பிள்ளை நான்கு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. நான் பேசவே இல்லை. வீட்டில் என்னமோ நடந்திருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். நடந்ததை நான் அவகிட்ட சொல்ல மாட்டேன், நீங்களே எழுதுங்க என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். இதைப் படித்து முடித்த பிறகு முன்னால் எழுதிய இரண்டு கடிதத்தையும் நீ கிழித்துப் போடலாம்.

உன் புருஷன் பலகையைக் கோணலாகத் தள்ளவில்லை. அவர் மேல் இம்மியளவும் தப்பு இல்லை. பிளேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய தகடு அன்றைக்கு அங்கே இல்லை. அதைக் கழற்றியவன் நான். திரும்ப மாட்டாமல் சாவியைக் கொடுத்தவனும் நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து நான் காடி எடுத்துக்கொண்டிருந்தேன். பதினாறு பலகைக்கு எடுக்க வேண்டும். பதினான்கு முடிந்துவிட்டது. மிச்சம் இரண்டு பலகை இழைத்து வர மத்தியானம் ஆகும் என்றார்கள். மாப்பிள்ளை நீளப் பலகைகளை அறுக்க மெஷினுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் மூடியை இறக்கினேன். தகடு என் மேலங்கிப் பையில் இருந்தது. மத்தியானம் எப்படியும் மறுபடி கழற்றத்தானே போகிறோம் என்று தோன்றியது. இரண்டு போல்ட், அவ்வளவுதான். மாட்ட ஒரு நிமிஷம், கழற்ற ஒரு நிமிஷம். அதற்குச் சோம்பல்பட்டுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

இரண்டும் மாட்டியாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்கிறேன். இந்தப் பழக்கம் வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் நான் கத்தினேன். சாவியைக் கொடுத்தால் மாட்டியாயிற்று என்றுதானே அர்த்தம், உங்கள் சட்டம்தானே இது, மாமனாரை வைத்துக்கொண்டு தினமும் கோர்ட்டு விசாரணையா என்று கேட்டேன். அவருக்கு முகம் சிறுத்துப் போய்விட்டது. அன்றைக்கு விட்டவர்தான், அப்புறம் என்னிடம் மட்டும் கேட்பதே இல்லை. மற்றவர்களிடம் இன்றுவரை கேட்கிறார்.

பலகையில் ஈரம் இருந்தது. ஈர மரம் அறுபட்டவுடன் உள்ளே முறுக்கிக்கொண்டு சேரும். தகடு இருந்திருந்தால் அந்தப் பிளவு திறந்தே இருந்திருக்கும். இல்லாததால் பிளேடைக் கவ்விக்கொண்டது, கவ்வியதும் பலகை எகிறியது. அவர் நேராகத்தான் தள்ளினார். எத்தனை நேராகத் தள்ளினாலும் அது எகிறியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் அவரை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தேன். என் தொடையில் என்னமோ குத்தியது. கையை விட்டுப் பார்த்தபோது பைக்குள் தகடு இருந்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு, அவருடைய துணியும் சாப்பாட்டுப் பையும் எடுத்துவருகிறேன் என்று பட்டறைக்குப் போனேன். ஆய்வாளர் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று முதலாளி மெஷின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். பாலிஷ்காரர் வாசலில் வாளியை வைத்துக்கொண்டு ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தார்ப்பாய்க்குள் புகுந்து தகட்டை மாட்டி, இரண்டு போல்ட்டையும் இறுக்கிவிட்டு வந்தேன். காலையில் மாட்டியிருக்க வேண்டியதைச் சாயங்காலம் மாட்டினேன். ஒரு நிமிஷம்தான் ஆயிற்று.

ஏன் என்று கேட்பாய். பயம். வேறு பெரிய காரணம் எதையும் நான் இங்கே ஜோடிக்கப் போவதில்லை. நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம், அந்த வீட்டில் எனக்கு இருக்கிற இடம் போய்விடும் என்ற பயம், பத்து விரல் தச்சர் என்று நானே அடித்துக்கொண்ட தம்பட்டம் கிழிந்துபோகும் என்ற பயம். முதல் நாள் சொல்லாததால் இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை. அப்புறம் தினமும் அப்படித்தான். உனக்கு எழுதிய கடிதத்திலும் ஈர மரம், ஆய்வாளர் என்று சுற்றிச் சுற்றி எழுதினேன். அதைப் படித்துத்தான் நீ அவரை அந்தக் கேள்வி கேட்டாய். உன் கையைப் பிடித்து அந்த வரியை எழுத வைத்ததே நான்தான்.

முந்தாநாள் சனிக்கிழமை கூட்டம் நடந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வீட்டிலேயே பேசிப் பழகியிருந்தார், குழந்தைக்குக்கூட மனப்பாடம் ஆகியிருந்தது. அந்தக் கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். பத்து வருஷமாக உங்களுக்கெல்லாம் சொன்னேன், கடைசியில் நானே ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன், மெஷின் மேல் குறையில்லை, என் மேல்தான் குறை, முதலாளிக்கும் உங்களுக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. என்னைக் காட்டி, "மாமா நாப்பது வருஷமா இந்த மெஷின்ல இருக்கார். பத்து விரலும் அப்படியே இருக்கு. அவரைப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார்.

நாற்பது பேரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். நான் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அப்போதே அங்கேயே எழுந்து சொல்லியிருந்தால் கொஞ்சமாவது மனுஷனாக இருந்திருப்பேன். அதுவும் செய்யவில்லை. மறுநாள் காலை, அவர் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சொன்னேன். உன்னிடம் இப்போது சொன்ன அதே வரிசையில், காடியிலிருந்து தார்ப்பாய் வரை ஒன்று விடாமல் சொன்னேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன்.

திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் வழிந்த பாலைத் துணியால் துடைத்தார். பிறகு, "அப்போ நான் சரியாத்தான் தள்ளினேனா மாமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். நேராத்தான் தள்ளினீங்க, ஒரு நூல்கூடப் பிசகல என்றேன். உன் புருஷன் விரல் போன அன்றைக்கு அழவில்லை. நேற்று அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். இடது பக்கம்தான் தூக்கினார். வெளியே போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பெரிய சாலை வரை போய், இரண்டு பக்கமும் பார்த்து, கடந்து, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுபடி கடந்து வந்தார். ஒரு வேலையும் இல்லாமல் அப்படி மூன்று தடவை போய் வந்தார். அதைப் பார்த்தபோது எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு அற்ப ஆசை வந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குழந்தையைத் தையல்காரம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "முப்பத்துமூணு நாள் மாமா. நான் அந்த அட்டையைத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டிருந்தப்போ நீங்க எதிர்லதான் உக்காந்திருந்தீங்க. விரல் போனதைக்கூட மறந்துடுவேன். அந்த முப்பத்துமூணு நாளை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

நான் எழுந்து என் துணிகளை மடிக்க ஆரம்பித்தேன்.

போங்க என்று அவர் சொல்லவில்லை. இருங்க என்றும் சொல்லவில்லை. நான் என் துணிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாலிஷ்காரர் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது, வார்னிஷ் டப்பாக்களுக்கு நடுவில் ஒரு கட்டில் போட இடம் உண்டு. அவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அவர் டப்பாக்களை நகர்த்திக் கொடுத்தார். இன்று காலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வழக்கு வரலாம் என்றார், வரட்டும் என்றேன். மாப்பிள்ளை மேல் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டேன், செய்கிறேன் என்றார். செய்கிறவரை தினமும் போய் நிற்கப் போகிறேன். முதலாளி என்னை இனிமேல் பட்டறைப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போவதற்கு முன்னால் எல்லோரையும் ஒரு தடவை கூட்டுங்கள், நான் பேச வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்று, வெளியே வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். பத்தொன்பது பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஒருவர் காறித் துப்பினார். மிச்சம் இருப்பவர்களிடம் நாளைக்குச் சொல்வேன்.

எனக்காக உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. அவருக்காக ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே அவருக்கு எழுது. நீ கேட்டிருந்தாயே ஒரு கேள்வி, அதைத் திரும்ப வாங்கிக்கொள். தலையணைக்கு அடியில் இன்னமும் வைத்திருக்கிறார். நீங்கள் சரியாகத்தான் தள்ளினீர்கள் என்று உன் கையெழுத்தில் எழுது. நான் சொல்லி அவர் கேட்டுவிட்டார், ஆனால் என் வார்த்தைக்கு இனிமேல் அந்த வீட்டில் என்ன மதிப்பு. நீ சொன்னால்தான் அது அவருக்குள் போகும்.

குழந்தை நான் எங்கே என்று கேட்டால் தாத்தா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி தையல்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பொய்தான். இன்னொரு பொய். அதற்கும் உன் மன்னிப்பைக் கேட்கவில்லை.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம் அம்மா. உனக்கு எழுதத் தோன்றாது என்று எனக்குத் தெரியும், அதைத் தப்பாகவும் எடுத்துக்கொள்ள மாட்டேன். கவரின் பின்பக்கம் பாலிஷ்காரர் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறேன், தபாலில் ஏதாவது கோளாறாகி இது திரும்பி வந்தால் போய்ச் சேர ஒரு இடம் வேண்டும் என்பதற்காகத்தான். இந்தத் தெருவுக்குத் தபால்காரர் பதினொரு மணிக்கு வருவாராம். நான் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பேன்.

நீயும் அவரும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள்.

அப்பா.